அடங்காத நிழல்

டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பியதும் லோபேதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததைவிடத் தன் மண்டையின் உட்புறத்தை அதிகம் பார்த்தவன் அவன். ஆற்றங்கரைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலை மருத்துவத்துக்குக் கொண்டுபோகிற ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்காக நாலு வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தான். மூளையை எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் எப்படித் தெளிவாகப் படம் பிடிப்பது என்பதுதான் அந்த ஆய்வகத்தின் பிழைப்பு. படம் பிடிக்கத் தலை வேண்டும். வெளியாளைக் கூப்பிட்டால் ஆயிரம் அனுமதி வாங்க வேண்டும் என்பதால் மாணவர்களே ஒருவர் மாற்றி ஒருவர் எந்திரத்துக்குள் போய்ப் படுப்பார்கள். அதிலும் லோபேதி என்றால் எல்லாருக்கும் கொள்ளை ஆசை. தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவன், மூச்சை அடக்கத் தெரிந்தவன், உள்ளே போனால் மரக்கட்டை போலக் கிடப்பான். பிரிஸ்பேன் நகரத்திலேயே அதிகம் படம் பிடிக்கப்பட்ட தலை அவனுடையதாகத்தான் இருக்கும்.

டாக்டரம்மா காட்டிய இடமும் அவனுக்குத் தெரிந்த இடம்தான். இடது காதுக்கு உட்பக்கம், மூளையைச் சுற்றி வெள்ளையாகத் தெரிகிற நீருக்கு நடுவில், கறுப்பாக ஓர் உருண்டை.

"அது ஒண்ணுமில்ல டாக்டர்," என்றான். "வெறும் நிழல். இதயம் துடிக்கிறப்பல்லாம் அந்த நீர் குதிக்கும். குதிக்கிற இடம் படத்துல கறுப்பா விழும். எனக்கு நாலு வருஷமா இருக்கு. எங்க லேப்ல அதுக்குப் பேரே வெச்சிருக்காங்க, லோபேதி நிழல்னு."

"நாலு வருஷமாவா?" என்று கேட்டார் டாக்டரம்மா. குரலை உயர்த்தவில்லை. அடுத்த படத்தைத் திறந்தார், அது வேறு திசையிலிருந்து எடுத்தது. உருண்டை அதே இடத்தில் இருந்தது. அதற்கடுத்த படம், கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றிய பிறகு எடுத்தது. அதில் உருண்டை பளிச்சென்று வெளிச்சமாக நின்றது.

"ஓடுற தண்ணி மருந்தை உறிஞ்சாது, லோபேதி," என்றார்.

அவன் சிரிப்பு அப்படியே வாயில் நின்றுவிட்டது. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அவனே நடத்துகிற பாடம் அது. படத்தில் ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால் எடுக்கிற திசையை மாற்றி இன்னொருமுறை எடு. நிழலாக இருந்தால் இடம் மாறும், நிஜமாக இருந்தால் அங்கேயே நிற்கும். ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை. அந்த வேலையை அவன் தலைக்கு, இத்தனை வருஷத்தில், இத்தனை மேதாவிகளில், ஒருத்தரும் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். படத்துக்குள் ஓர் ஆள் இருக்கிறான் என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

புற்றுநோய் இல்லை, காது நரம்பில் வளர்கிற கட்டி என்று டாக்டரம்மா விளக்கினார். இடது காது மந்தமாகி வந்ததற்குக் காரணம் அதுதான். லோபேதி அதை எந்திரத்தின் சத்தம் என்று நினைத்திருந்தான். உள்ளே படுத்தால் சுத்தியலால் அடிப்பது போல இரைகிற எந்திரம். அந்த ஆய்வகத்தில் யாருக்குக் காது அடைத்தாலும் எந்திரத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் அவன் பிந்துகிறான், இடப்பக்கம் நிற்கிறவர்களோடு சேராமல் தனியாகப் போகிறான் என்று குழுவை நடத்துகிற அவன் அம்மா லூபே ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு வந்ததும் அவர்தான். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து வரவேற்பாளரிடம் மகனின் படிப்பைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருப்பது உள்ளே வரைக்கும், வலது காதில், கேட்டது.

இரண்டு வழி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. கட்டி மெதுவாக வளர்வதாக இருந்தால் கதிர்வீச்சால் அதை அப்படியே நிறுத்திப் பார்க்கலாம், மிச்சமிருக்கிற காது பிழைக்கும். வேகமாக வளர்வதாக இருந்தால் திறந்துதான் ஆகவேண்டும். காது வழியாகவே உள்ளே போய் எடுக்க வேண்டியிருக்கும், அந்தக் காதை மறந்துவிடலாம். எது என்று ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பழைய படங்கள் கிடைக்குமா?

"கிடைக்குமாவா? என் தலை மாதிரி படம் எடுத்த தலை இந்த ஊர்லயே கிடையாது டாக்டர். நாளைக்கே கொண்டுவரேன்," என்றான் லோபேதி. அந்த நேரத்திலும் அவனுக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது.

மறுநாள் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் திறந்தான். முதல் வருஷம், சுத்தம். இரண்டாம் வருஷம், சுத்தம். மூன்றாம் வருஷம், பளிங்கு மாதிரி சுத்தம். கட்டி இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று நீர், துளிக் கறுப்பு இல்லை. 

யார் செய்த சுத்தம் என்று அவன் கேட்க வேண்டியதில்லை. பக்கத்து மேசை மார்னிதான். அவனோடு ஒரே நாளில் ஆய்வகத்தில் சேர்ந்தவள், அவன் வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சேம்பிலையில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் பொதிந்து சுட்டதை உட்கார்ந்து சாப்பிட்டவள், லூபே அம்மாவால் "என் வெள்ளைக்காரப் பொண்ணு" என்று அழைக்கப்படுகிறவள். அவளுடைய முழு ஆய்வும் இதுதான்: நீர் குதிப்பதால் விழுகிற பொய் நிழல்களைக் கண்டுபிடித்து, படத்திலிருந்து அழித்து, அந்த இடத்தை நீரின் வெள்ளையால் நிரப்புகிற கம்ப்யூட்டர்க் கணக்கு. மற்றவர்களின் நிழல்கள் முதல் வருஷமே சொன்னபடி கேட்டு மறைந்தன. லோபேதியின் நிழல் மட்டும் மறையவில்லை. அழிக்க அழிக்க நின்றது. அடங்காத நிழல் என்று அதற்கு இன்னொரு பேரும் உண்டு. அதை அடக்குவதற்காகவே மார்னி ஒரு வருஷம் முழுக்கத் தன் கணக்கை முறுக்கினாள், ஏற்றினாள், மாற்றி எழுதினாள். ஒருநாள் மதியம் அது முழுசாக மறைந்தபோது எழுந்து குதித்தாள், லோபேதியும் கைதட்டினான், கீழே போய்க் கேக் வாங்கி வந்து எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தவனும் அவன்தான். பழைய வருஷத்துப் படங்களையும் அந்த வாரமே அதே கணக்கில் போட்டுச் சுத்தமாக்கினார்கள். ஏன் அடங்கவில்லை என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லையே. போன வருஷம் நிழல் பெரிதாகியிருப்பதை யாரோ கவனித்தபோது, "லோபேதி குண்டாக ஆக நிழலும் குண்டாகுது" என்று கேலி செய்தார்கள். அவனும் தொப்பையைத் தட்டிக்காட்டிச் சிரித்தான்.

சுத்தம் செய்யாத மூலப்படங்கள் எங்கே? இருந்தால்தானே. ஆய்வகத் தலைவர் புரொபசர் ரஸ்ஸலின் விதி அது: அழுக்குப் படம் இடத்தை அடைக்கும், சுத்தம் செய்ததை வைத்துக்கொள், மற்றதைத் தூக்கிப்போடு. ஒவ்வொரு டிசம்பரிலும், விடுமுறைக்குப் போகுமுன், எல்லாரும் தங்கள் தங்கள் அழுக்கைத் துடைத்துவிட்டுப் போவார்கள். தன் தலையின் படங்களை லோபேதி தன் கையாலேயே துடைத்திருந்தான்.

ஆனால் ஓரிடத்தில் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். மார்னி தன் ஆய்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'முன்', 'பின்' என்று இரண்டு படம் காட்டுவாள். ஆய்வகக் கதவில் ஒட்டியிருக்கிற சுவரொட்டியிலும் அவை இருந்தன. முன் படம் வேண்டுமென்றால் மூலம் வேண்டும். அவளுடைய சொந்த ஹார்ட் டிஸ்கில் நாலு வருஷத்து மூலமும் கட்டாயம் இருக்கும்.

அவளைத் தேடினான். மேசையில் இல்லை, போனையும் எடுக்கவில்லை. நேராக ரஸ்ஸலின் அறைக்குப் போனான்.

ரஸ்ஸல் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அப்படி இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம். கேட்டதும் முகம் வெளுத்தார், எழுந்து வந்து தோளில் கை வைத்தார், லோபி, லோபி என்று உருகினார். அதெல்லாம் ஒரு நிமிஷம்தான். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து பூசி மெழுக ஆரம்பித்தார். படம் எடுத்தது ஆராய்ச்சிக்கு, வைத்தியத்துக்கு இல்லை. நாம் டாக்டர்கள் கிடையாது, நோய் பார்க்கிறோம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவைக் கேட்காமல் எந்தப் படத்தையும் வெளியே அனுப்பக் கூடாது. அதுவரைக்கும் இதைப் பற்றி ஈமெயிலில் எதுவும் எழுதவேண்டாம். அதோடு வியாழக்கிழமை மார்னியின் நிறைவுக் கருத்தரங்கம் வேறு இருக்கிறது. அது முடிந்தால்தான் அவள் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், மார்னியின் கணக்கைத் தங்கள் எந்திரத்திலேயே போட்டு நோயாளிகளுக்குப் பயன்படுத்தப்போகிறார்கள். பாவம், அந்தப் பெண்ணின் உழைப்பு.

"உனக்காகவே ஒண்ணு செய்யறேன், லோபி," என்றார் கடைசியில். "கருத்தரங்கத்துல உன் படத்தை எடுத்துட்டு வேற ஒருத்தர் தலையைப் போடச் சொல்லிடறேன். உன் அந்தரங்கம் காப்பாத்தப்படணும் இல்லையா?"

லோபேதிக்கு ரத்தம் கொதித்தது. அவன் உருவத்துக்கு அந்த அறை சிறியது. எழுந்து நின்றபோது ரஸ்ஸல் தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"என் தலைக்குள்ள இருந்ததை நாலு வருஷமா அழிச்சீங்க," என்றான். "இப்ப தலையையே அழிச்சுட்டு, அதுக்கு என் அந்தரங்கம்னு பேர் வேற வெக்கிறீங்களா?"

அதற்கு ரஸ்ஸலிடம் பதில் இருந்தது. இந்த மாதிரி ஆட்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும். லோபேதி கேட்க நிற்கவில்லை.

மார்னியைப் புதன்கிழமை படகுத்துறையில் பிடித்தான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து பிரிக்காத சாண்ட்விச் ஒன்றை மடியில் வைத்திருந்தாள். குப்பைத்தொட்டிகளைக் கிளறித் தின்கிற நாரைகள் இரண்டு அதைக் குறிவைத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. அவனைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ரஸ்ஸல் சொல்லியிருந்தார், டிஸ்கைக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோடா," என்றாள். "முடிஞ்ச அடுத்த நிமிஷம் தரேன். எனக்கு இது நாலு வருஷம்டா."

"எனக்கும் நாலு வருஷம்தான்டி," என்றான் லோபேதி. "உனக்குப் பட்டம் வளர்ந்துச்சு. எனக்கு என்ன வளர்ந்துச்சுன்னு உனக்கே தெரியும்."

அவள் இன்னும் அழுதாள். அவனுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அதுதான் அவனை இன்னும் அதிகமாகக் கோபப்படுத்தியது. தலையில் கட்டி அவனுக்கு, ஆறுதல் சொல்ல வேண்டியதும் அவனா? படகில் ஏறிப் போனான். போகிற வழியெல்லாம் ஒரே நினைப்புதான். ஒரு நாள் தாமதத்தால் அவன் காதுக்கு ஒன்றும் ஆகிவிடாது, அது அவனுக்கே தெரியும். ஆனால் வியாழக்கிழமை முடிந்துவிட்டால் அந்தக் கணக்கு ஆஸ்பத்திரி எந்திரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு காது மந்தமாகி வருகிற எந்த அம்மாவின் மகனுக்கும் படம் பளிங்கு மாதிரி சுத்தமாக வரும். ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள்.

கருத்தரங்க அறை நிறைந்திருந்தது. பின்னால் மேசையில் தேநீர்க் கோப்பைகள், தேங்காய்த்துருவல் தூவிய கேக் துண்டுகள். முன்வரிசையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள். மார்னி நன்றாகத்தான் பேசினாள். திரையில் வந்தது யாரோ ஒரு மெலிந்த தலை. லேசான நிழல், தொட்டதும் மறைந்தது. அடங்காத நிழலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் ஒரு வருஷம் பட்ட பாட்டையே பேச்சிலிருந்து துடைத்திருந்தார்கள். ரஸ்ஸல் எழுந்து கேள்விகள் உண்டா என்று கேட்டுக்கொண்டே கண்ணால் தேநீர் மேசையைக் காட்டினார்.

லோபேதி கடைசி வரிசையிலிருந்து எழுந்தான். ஆஸ்பத்திரியில் எடுத்த படங்களின் நகலைப் பென் டிரைவில் வாங்கி வந்திருந்தான். ஒரு புதுத் தலை கொண்டுவந்திருக்கிறேன், கணக்கு இதுவரை பார்க்காத படம், எல்லார் முன்னாலும் இப்போதே போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். நேரமாகிவிட்டது என்றார் ரஸ்ஸல். நேரம் இருக்கிறதே, எங்களுக்கும் பார்க்க ஆசைதான் என்றார் முன்வரிசையில் இருந்த ஆஸ்பத்திரி அம்மா ஒருவர். மார்னி பென் டிரைவைக் கையில் வாங்கினாள். படம் திரையில் விழுந்ததும் அது யார் தலை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த உலகத்தில் அந்தத் தலையை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"போடு, மார்னி," என்றான் லோபேதி.

அவள் விசையைத் தட்டினாள். கணக்கு ஓடியது. பெரிய நெல்லிக்காய் அளவு கறுப்பு உருண்டை ஓரத்தில் கரைந்து, சுருங்கி, காணாமல் போனது. அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று நீர். அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அருமை என்று யாரோ சொன்னார்கள். ஓரிருவர் கையும் தட்டினார்கள்.

"நன்றி," என்றான் லோபேதி. "அது என் தலை. இப்ப நீங்க பார்த்தது காது நரம்புல இருக்கிற கட்டி. போன வாரம் ஊசி போட்டு உறுதி பண்ணியிருக்காங்க. அதை எடுக்க என் மண்டையைத் திறக்கணுமோ என்னமோன்னு டாக்டர் யோசிச்சிட்டிருக்காங்க. இங்க ஒரு பட்டனைத் தட்டுனா போயிடுது. நீங்க எல்லாம் கை தட்டுறீங்க."

கை தட்டியவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ரஸ்ஸல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முன்வரிசை அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மார்னியிடம் ஒரே கேள்வி கேட்டார்: நிழலா நிஜமா என்று திசையை மாற்றி எடுத்துப் பார்த்தீர்களா?

இல்லை என்றாள் மார்னி. இந்தத் தலைக்கு ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, இந்தக் கணக்கை நோயாளிகளிடம் கொண்டுபோக வேண்டாம் என்றாள். பையைத் திறந்து ஹார்ட் டிஸ்கை எடுத்தாள். ரஸ்ஸல் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் காதில் வாங்காமல் வரிசைகளைத் தாண்டி வந்து லோபேதியின் கையில் அதைக் கொடுத்தாள். அவன் நன்றி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறான்.

மூலப்படங்களை டாக்டரம்மா வரிசையாக வைத்து அளந்தார். முதல் வருஷம் மிளகு. இரண்டாம் வருஷம் பட்டாணி. மூன்றாம் வருஷம் சுண்டைக்காய். மிளகாக இருந்தபோது பார்த்திருந்தால் காதைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருந்தது, பட்டாணியிலும் இருந்தது என்றார். இப்போது இல்லை. வேகமாக வளர்கிறது, மூளைத்தண்டை முட்டுகிறது, திறந்துதான் எடுக்க வேண்டும். லூபே அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து போகும்போது, படிச்சவங்க இத்தனை பேர் இருந்தீங்களேடா என்று மட்டும் சொன்னார்.

அறுவை முடிந்து ஐந்தாம் நாள் ரஸ்ஸல் பூங்கொத்தோடு வந்தார். வார்டில் நிற்க இடமில்லை; பாடகர் குழுவில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். ஐஸ் பெட்டி நிறையச் சாப்பாடு, பக்கத்துக் கட்டில் நோயாளிக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். லோபேதியின் தலையில் கட்டு, இடது பக்க உதடு இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. ரஸ்ஸலைப் பார்த்ததும் கூட்டம் வழிவிட்டது. அவர் காலியாக இருந்த நாற்காலியில், கட்டிலின் இடது பக்கத்தில், உட்கார்ந்தார். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில், பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசினார். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருமுறை அவன் கையைத் தொட்டார். பேசி முடித்து, பெரிய பாரம் இறங்கியவராக மூச்சு விட்டு, அவன் முகத்தைப் பார்த்தார்.

லோபேதி மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

"ரஸ்ஸல், நீங்க சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல," என்றான். "அந்தப் பக்கம் எனக்குக் காது கிடையாது. எழுந்து இந்தப் பக்கம் வாங்க. எங்கம்மாவும் கேக்கணும், சத்தமா, முதல்லேருந்து சொல்லுங்க."

லூபே அம்மா எழுந்து, கட்டிலின் வலது பக்கத்தில் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டார்.